எந்த நம்பர் என்று சொல்லக் கூடாது

“முப்பத்தொண்ணுல ஒரு அம்மா ஏறியிருக்காங்கண்ணே. என்னமா சிரிக்கிறாங்க தெரியுமா” என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை ரயிலின் சமையல் பெட்டியான பேன்ட்ரிக்குள் வந்தபோது நான் சூப் கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வண்டி ஒரு வளைவில் சாய்ந்தது. இரண்டு கோப்பைகள் தளும்பி என் மணிக்கட்டில் கொட்டின. நல்ல சூடு. நான் கையை உதறக்கூட இல்லை. முப்பத்தொன்றாம் பெர்த்தில் ஏறியிருப்பது என் மனைவி.

அவள் சிரிப்பாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கல்யாணமான புதிதில் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பாள். பிறகு பையன் பிறந்தான், வளர்ந்தான், வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனான். நடுவில் எந்த வருஷத்தில் அந்தச் சிரிப்பு நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ரயிலில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் இவனிடம் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை என்றால் அவன் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. முப்பத்தைந்து தாண்டியும் பெண் அமையாதவன். எப்போது பார்த்தாலும் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருப்பான் என்பதால் பேன்ட்ரியில் யாரோ வைத்த பெயர். எங்கள் எல்லாருக்கும் ஒரே சீருடைதான். சமையல் புகையும் எண்ணெயும் பட்டு முதல் வேளைச் சாப்பாடு முடிவதற்குள் எங்கள் சட்டை கரித்துணியாகிவிடும். அவனுடையது மட்டும் மறுநாள் இறங்கும்போதும் மடிப்புக் கலையாமல் இருக்கும். பின்பாக்கெட்டில் சீப்பு. வயசான பெண்கள் அவன் கன்னத்தைத் தொட்டு ஆசீர்வாதம் செய்துவிட்டு இறங்குவார்கள். குழந்தைகள் அவன் பின்னாலேயே பேன்ட்ரிவரை வரும். நானும் அதே வேலையை அவனைவிடப் பத்து வருஷம் கூடுதலாகச் செய்கிறேன். என்னைப் பார்த்தால் குழந்தைகள் அம்மா மடியில் ஏறிக்கொள்ளும்.

இவனிடம் என் மனைவியை ஒப்படைத்தது நான்தான். அதற்குக் காரணம் எங்கள் வழக்கம்.

எங்கள் வண்டியில் ஒவ்வொரு ஏ.சி. பெட்டிக்கும் ஓர் ஆள். படுக்கை விரிப்பதிலிருந்து சாப்பாடு கொடுப்பது, தட்டு எடுப்பது, காலையில் எழுப்பிவிடுவது வரை அந்தப் பெட்டிக்கு அவன்தான் பொறுப்பு. ஆனால் பெட்டியில் நம் வீட்டு ஆள் யாராவது ஏறினால் அந்தப் பயணத்துக்கு மட்டும் பக்கத்துப் பெட்டிக்காரனோடு மாற்றிக்கொள்ள வேண்டும். முன்பு ஒருவன் மாமனார் வீட்டுக் கூட்டத்தையே ஏற்றிவந்து வறுத்த கோழியாக அவர்களுக்குப் பரிமாறித் தள்ளினான். மற்ற பயணிகளுக்கு ரொட்டிகூடப் போய்ச் சேரவில்லை. அன்றைக்குப் பெட்டியில் நடந்த ரகளைக்குப் பிறகு மேனேஜர் வைத்த சட்டம் இது. அதில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. மாற்றிக்கொள்ளும்போது வீட்டு ஆள் எந்த நம்பரில் இருக்கிறார் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அவன் அந்த ஒருவரை மட்டும் தாங்குதாங்கு என்று தாங்குவான், அல்லது நம்மேல் இருக்கும் கடுப்பை அவர்மேல் காட்டுவான். இறங்குகிறவரை மூச்சு விடக் கூடாது.

ஆனால் பெட்டியை ஒப்படைக்கும்போது பயணிகளைப் பற்றிச் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும். வாராவாரம் வருகிறவர்களுக்கு என்ன பிடிக்கும், என்ன ஆகாது என்பது அந்தப் பெட்டிக்காரனுக்குத்தானே தெரியும். அன்று ஸ்டேஷனுக்கு வருவதற்கு முன் யார்டிலேயே வண்டி நிற்கும்போது, விரிப்புக் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டே மாப்பிள்ளையிடம் வரிசையாகச் சொன்னேன். பதினாலில் வருகிற பெரியவருக்கு இரண்டு கம்பளி வேண்டும், கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிடு, இல்லையென்றால் கத்துவார். மூன்றாம் நம்பர் கழிப்பறைப் பக்கம், மருந்து தெளித்துவிடு. முப்பத்தொன்றுக்கு மெல்லிய தலையணையாகப் பார்த்து வை, ஒரு துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு அடியில் கொடு, மேலே குளிர்காற்று வருகிற துவாரத்தை அட்டையால் அடைத்துவிடு, டீயில் சர்க்கரை போடாதே. நாற்பதில் கைக்குழந்தை, வெந்நீர் கேட்பார்கள். இப்படிப் பத்தோடு பதினொன்றாக அவளையும் சேர்த்துவிட்டேன். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கண்ணடித்தான். “பதினாலுதானே உங்க மாமனாரு?”

“சொல்லக் கூடாதுன்னு தெரியும்ல. போய் வேலையப் பாரு.”

“கத்துவாருன்னு சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சுண்ணே. மாமனாரேதான்.”

முப்பத்தொன்று பெட்டியின் நடுவில் இருக்கிறது. சக்கரச் சத்தம் அங்கேதான் குறைவு, ஆட்டமும் குறைவு. அதற்காகத்தான் என் பெட்டியிலேயே டிக்கெட் போட்டேன். மற்ற பெட்டிகளில் ஓரத்து இடங்கள்தான் மிச்சம் இருந்தன. தலையணை சமாச்சாரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரே அறையில் இத்தனை வருஷமாகப் படுக்கிறோமே. விளக்கை அணைப்பதற்கு முன் அவள் ஒரு துண்டை எடுத்துச் சுருட்டிக் கழுத்துக்கு அடியில் வைத்துக்கொள்வாள். சரியாக அமையாது. மறுபடி எடுப்பாள், இறுக்கிச் சுருட்டுவாள், வைப்பாள். நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன்.

அந்தப் பயணமே சண்டையில் பிறந்தது. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. நான் வண்டியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போனேன். அவள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். செருப்பைக் கழற்றும்போதே “வெந்நி போட்டாச்சா?” என்று கேட்டேன். அவள் எழுந்துபோய்ப் போட்டாள். குளித்துவிட்டு வந்து “சாப்பாடு?” என்றேன். அதையும் எடுத்துவைத்தாள். தட்டை வைக்கும்போது அவள் விரல் என் கையில் பட்டது. நெருப்பாகக் கொதித்தது. மூன்று நாளாகக் காய்ச்சலாம். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, சாப்பிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“உங்க வண்டியில எனக்கு ஒரு டிக்கெட் போடுங்க. அக்கா வீட்டுக்குப் போறேன்” என்றாள். “பயணியா ஏறினாத்தான் உங்ககிட்ட ஒரு டம்ளர் தண்ணி கிடைக்கும்போல. ஏறிப் பாக்குறேன்.”

“திரும்பி எப்ப?”

“திரும்பி வர்றதுக்கு வேண்டாம். ஒரு பக்கம் போதும்.”

அந்த ஒரு பக்கம் என்னை எப்படி அடித்தது என்று அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. சரி என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனேன். காய்ச்சல் விட்டபிறகு கிளம்பினாள். யார்டிலிருந்தே வண்டியோடு வருகிறவன் நான் என்பதால் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிவர முடியாது. தனியாக ஆட்டோ பிடித்து வந்து ஏறினாள்.

இப்போது இவன் பேன்ட்ரியில் நின்றுகொண்டு அவள் சிரிப்பை என்னிடம் விற்கிறான்.

“அந்த அம்மாவுக்குத் துண்டைச் சுருட்டிக் குடுத்தேன் பாருங்க, நீங்க சொன்னீங்களேன்னு. அதைக் கையில வாங்கிப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. அப்புறம் வாயப் பொத்திக்கிட்டு அப்படி ஒரு சிரிப்பு. எனக்கே சிரிப்பு வந்துருச்சு. எங்க ரெண்டு பேரையும் பாத்து பதினாலு கத்துறாரு, ‘இங்க என்ன கூத்து நடக்குது’ன்னு.”

“வேற என்ன பேசினாங்க?”

“என் பேரு, வீடு, கல்யாணம் ஆச்சான்னு எல்லாம் கேட்டாங்க. ஆகலன்னேன். ‘ஏன் தம்பி, இவ்வளவு பாந்தமா பாத்துக்கறீங்க, உங்களுக்கா பொண்ணு கிடைக்கல’ன்னாங்க. யாரு பெத்த மகராசியோண்ணே. அவங்களக் கட்டினவன் குடுத்துவெச்சவன்.”

கட்டினவன் சூப் கோப்பைகளைத் துடைத்து மறுபடி அடுக்கினான். எனக்குக் காதுவரைக்கும் சுட்டது. அவள் என் மனைவி என்று அப்போதே சொல்லியிருக்கலாம், சட்டம் கிடக்கிறது என்று. ஆனால் சொன்னால் அவன் அடுத்து என்ன கேட்பான் என்று எனக்குத் தெரியும். வீட்டிலும் இப்படித்தான் சிரிப்பார்களா அண்ணே என்பான். அதற்குப் பதில் சொல்வதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பதே மேல் என்று தோன்றியது.

தட்டுகளை எடுக்கிற சாக்கில் இரண்டு பெட்டிக்கும் நடுவே இருக்கிற கதவுவரை போனேன். அதில் முகத்தளவுக்கு ஒரு கண்ணாடி. அந்தப் பக்கம் மாப்பிள்ளை தேநீர்க் கெட்டிலோடு நடுவில் நின்றிருந்தான். என் மனைவி கோப்பையை நீட்டினாள். வண்டி ஆடுகிற ஆட்டத்துக்குத் தகுந்தமாதிரி அவன் தன் மற்றொரு கையைக் கோப்பைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு ஊற்றினான். அது நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த வித்தை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாசம் பாதிப் பேருக்கு மடியில்தான் ஊற்றுவான். சொல்லிக் கொடுத்தவனைக் கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு அந்தக் கை என் மனைவியின் கோப்பைக்கு அடியில் இருந்தது. பொறாமைதான், வேறு என்ன பெயர் அதற்கு. 

மறுநாள் காலை அவள் இறங்கியபோது சகலை வந்து பையை வாங்கிக்கொண்டார். அவள் என் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளையிடம் மட்டும் ஏதோ சொல்லிவிட்டுத் தலையாட்டிப் போனாள்.

அதற்குப் பிறகு எங்கள் வண்டி மூன்று தடவை அந்த ஊருக்குப் போய்த் திரும்பியது. ஒவ்வொரு தடவையும் அங்கே பகல் முழுக்க எங்களுக்கு ஓய்வு. சகலை வீடு ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். நான் போகவில்லை. கூப்பிடாமல் போய் நின்றால் இறங்கிப் போனதாகிவிடும். ஓய்வறையில் படுத்துக்கொண்டு, எதிர்க் கட்டிலில் மாப்பிள்ளை சட்டைக்கு இஸ்திரி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு காலரை நீவி நீவித் தேய்த்தான். யாருக்காக இவ்வளவு தேய்க்கிறான் என்று நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

பிறகு ஒருநாள் அவளே போன் செய்தாள். நான் வீட்டில் தனியாக, மூன்று நாள் பாத்திரங்களைத் தொட்டியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

“சாப்டீங்களா?”

“ம்.”

“அன்னைக்கு வண்டியில ரொம்ப சௌகரியமா இருந்துச்சு. அந்தத் தம்பி நல்லாப் பாத்துக்கிட்டாரு.”

“அப்படியா.”

“கழுத்துக்குத் துண்டெல்லாம் சுருட்டிக் குடுத்தாரு. எப்படித்தான் தெரிஞ்சுதோ.” இதைச் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினாள். நான் ‘ம்’ கொட்டியதும் மறுபடி சொன்னாள். “கூடப் பொறந்தவங்களுக்குக்கூட அதெல்லாம் தெரியாது.”

சொல்லித்தொலைத்திருக்கலாம். நான்தான் சொன்னேன், அந்தத் துண்டு நான், அந்தச் சர்க்கரை போடாத டீ நான், பெட்டிக்கு நடுவில் இருக்கிற அந்த பெர்த் நான். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் தம்பி தம்பி என்று உருகிய பிறகு அதைச் சொன்னால், அடுத்தவன் தட்டிலிருந்து எடுத்துத் தின்கிறமாதிரி இருக்கும். நம்புவாளோ மாட்டாளோ. நம்பினாலும் ‘ஓ, நீங்களா’ என்று குரலில் ஒரு சுருதி இறங்கினால் என்னால் தாங்க முடியாது. “அவனுக்கு அதான வேலை” என்றேன்.

 

“சரி. திரும்பி வர டிக்கெட் போடுங்க” என்றாள். “அதே பெட்டி, அதே நம்பர். அந்தத் தம்பிதானே வருவாரு?”

வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அதற்கு நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். முதல் பாதியைக் கேட்டதும் மனசு துள்ளத்தான் செய்தது. கடைசியில் கேட்ட அந்தக் கேள்வி எல்லாவற்றையும் தின்றுவிட்டது. வீட்டுக்கு வருவதற்கே மாப்பிள்ளை தேவைப்படுகிறானா என்று குமைந்துகொண்டு அந்தப் பாத்திரங்களை எல்லாம் தேய்த்தேன். ஒரு கோப்பை உடைந்தது.

டிக்கெட் போட்டேன். முப்பத்தொன்றே கிடைத்தது. அன்று அந்த ஊர் யார்டில், விரிப்புக் கட்டுகளுக்கு நடுவே நின்று மாப்பிள்ளையிடம் மறுபடி பெட்டியை ஒப்படைத்தேன்.

“மறுபடியும் வீட்டு ஆளாண்ணே? மாமனாரு திரும்பிப் போறாரா?”

“சொல்றதக் கேளு. எட்டுல சக்கர நாற்காலி அம்மா, படி ஏத்திவிடணும். முப்பத்தொண்ணுக்கு ரெண்டு தலையணை. தடிசாப் பாத்து வை. டீயில ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. காத்து வர்ற துவாரத்த நல்லாத் திறந்து விடு, அவங்களுக்குக் குளிர்ச்சி வேணும். தூங்கினாலும் எழுப்பி சூப் குடு.”

அவன் நெற்றியைச் சுருக்கினான். “போன தடவை முப்பத்தொண்ணுக்கு மெல்லிசுத் தலையணைன்னுல்ல சொன்னீங்க?”

“அது வேற ஆளு. தடவைக்குத் தடவை ஒரே ஆளா வருவாங்க?”

அவன் தலையாட்டினான். நான் சொன்னால் அவன் மறுபேச்சுப் பேச மாட்டான், அது என்னவோ உண்மை. நாலைந்து தலையணைகளை எடுத்து அமுக்கிப் பார்த்து, இருப்பதிலேயே உப்பியதாக இரண்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு உள்ளே போனான். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. வாயில் டீ பட்டதும் அவள் முகம் சுளிப்பதை நினைத்துப் பார்த்தேன். என்ன தம்பி இது என்று அவள் கேட்பாள். மாப்பிள்ளை பேந்தப் பேந்த விழிப்பான். அவன் பாந்தம் எல்லாம் அன்றோடு சாயம்போய்விடும். வீட்டுக்கு வந்து, அந்தத் தம்பி இந்தத் தடவை சரியில்லை என்பாள். அப்போது நான் எழுந்துபோய், துண்டை எடுத்து, என் கையாலேயே சுருட்டிக் கொடுப்பேன். இதை எல்லாம் யோசித்துக்கொண்டே பக்கத்துப் பெட்டியில் விரிப்பு விரித்ததில், இரண்டு பெர்த்துக்குக் கம்பளியே வைக்காமல் விட்டுவிட்டேன்.

வண்டி கிளம்பி முதல் டீ முடிந்ததும் பேன்ட்ரியில் காத்திருந்தேன். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறவனுக்கு உதவுவதுபோல் நின்றுகொண்டு கதவையே பார்த்தேன். மாப்பிள்ளை வந்தான். கெட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சீப்பை எடுத்தான், சீவாமலே திரும்ப வைத்துக்கொண்டான்.

“முப்பத்தொண்ணு அதே அம்மாதாண்ணே. வேற ஆளுன்னீங்க?”

“அப்படியா? எனக்கென்ன தெரியும். என்ன, இன்னைக்கும் சிரிச்சாங்களா?”

“சிரிக்கல.”

என் மனம் குளிர்ந்தது. அதை மறைக்க நானும் ஒரு கத்தியை எடுத்து வெண்ணெய் தடவ ஆரம்பித்தேன். “டீயக் குடிச்சாங்களா, வேண்டாம்னுட்டாங்களா?”

“முழுசாக் குடிச்சாங்க. ஒரு வாய் குடிச்சதும் என்னை நிமிந்து பாத்தாங்க. மாத்தித் தரவான்னு கேட்டேன். வேண்டாம்னாங்க. ‘ரெண்டு ஸ்பூன் போடச் சொல்லி யார் சொன்னா தம்பி’ன்னு மட்டும் கேட்டாங்க. இந்தப் பெட்டிக்காரர் சொல்லிட்டுப் போனாருங்கன்னேன். ‘தலையணையும் அவருதானா’ன்னாங்க. ஆமான்னேன். ‘சரி, அவரு சொன்னபடியே செய்ங்க’ன்னுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிட்டாங்க.”

கத்தி என் கையில் அப்படியே நின்றது. அதுவரைக்கும் எனக்கு உறைக்கவே இல்லை. என் வீட்டில் என்னோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவள் அவள். பெட்டி மாற்றுவதும், மாற்றும்போது ஒவ்வொரு நம்பருக்கும் வாய்ப்பாடு ஒப்பிக்கிறமாதிரி ஒப்பிக்க வேண்டியிருப்பதும் பெரிய தலைவலி என்று நான் வீட்டில்தான் புலம்புவேன். அவளுக்குத் தெரியாதா? முதல் தடவை அந்தத் துண்டைப் பார்த்ததும் எதற்காகச் சிரித்தாள் என்பது, இவ்வளவு நாள் கழித்து, கையில் வெண்ணெயோடு நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தச் சிரிப்பு எனக்காக வந்தது. நான் பக்கத்துப் பெட்டியில் இருந்துகொண்டு அடுத்தவனைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன்.

“மாப்ள, அந்தத் தலையணைய மாத்திடு. மெல்லிசா ஒண்ணு வை. துண்டு…”

“குடுத்துப் பாத்துட்டேண்ணே. மனசு கேக்கல, போன தடவை மாதிரியே துண்டைச் சுருட்டி எடுத்துட்டுப் போனேன். ‘அவரு சொன்னாரா’ன்னாங்க. இல்லீங்க, நானாத்தான்னேன். ‘அப்ப வேண்டாம் தம்பி’ன்னுட்டாங்க.”

அப்போது மட்டும் அவன்மேல் எனக்குப் பொறாமை வரவில்லை. எல்லாம் வற்றிப்போயிருந்தது.

அந்தக் கதவுவரை எத்தனையோ தடவை போனேன். சட்டத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போக எனக்குத் துணிச்சல் இருந்தது. போய் என்ன சொல்வது என்பதுதான் இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால், அந்த இரண்டு தலையணைகளும் கால்மாட்டில் கிடந்தன. அவள் படுக்கவில்லை. முந்தானையைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, தலைக்கு மேலிருந்து கொட்டுகிற குளிரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். விளக்குகளை அணைக்கும் நேரம் வந்தது. அதற்குப் பிறகு கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

காலையில் வண்டி நின்றதும் எங்களுக்கு முதல் வேலை அழுக்குத் துணி இறக்குவது. விரிப்புகளை மூட்டையாகக் கட்டி நடைமேடையில் போட வேண்டும், சலவைக்காரர்களின் தள்ளுவண்டி வந்து அள்ளிப் போகும். நான் முதல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியபோது அவள் எதிரில் நின்றிருந்தாள். கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்பினாள்.

“வந்துட்டியா” என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

“போறப்ப அந்தத் துண்டைக் கையில வாங்கினதும் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?” என்றாள். குரலில் கோபமே இல்லை. “இந்த மனுஷன் இத்தனை வருஷமா பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காருன்னு தோணுச்சு. அக்காகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். நீங்களே வாயத் திறந்து சொல்லுவீங்கன்னுதான் அந்தத் தம்பியப் பத்தி போன்ல அப்படிப் பேசினேன். சொல்லல. சரி, சொல்லத் தெரியாத ஆளு, நாமளே போவோம்னு கிளம்பினேன்.”

“நான் வந்து…”

“முதல் டீயிலயே சொல்லிட்டீங்க, வர வேண்டாம்னு.”

“ஐயோ, அது உனக்குச் செஞ்சதில்ல. அவனுக்குச் செஞ்சது. அவன் கெட்ட பேரு வாங்கட்டும்னு.” சொல்லும்போதே எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று எனக்கே கேட்டது. தோளில் இருந்த மூட்டையை இறக்கக்கூடத் தோன்றவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். 

“கழுத்து என்னுதுங்க” என்றாள்.

அதற்குள் மாப்பிள்ளை அவள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தான். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. “அண்ணே, இவங்களா? அண்ணியா?” என்றான். பிறகு அவளைப் பார்த்து, “அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. தெரிஞ்சிருந்தா அந்தச் சர்க்கரைய…” என்று தடுமாறினான். அவள் அவன் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். “உங்க மேல ஒரு தப்பும் இல்ல தம்பி. கழுத்துக்கு ஒண்ணுமில்ல, போய் வேலையப் பாருங்க” என்று சொல்லி லேசாகச் சிரித்தாள். களைத்த சிரிப்பு. அதுவும் அவனுக்குத்தான் போயிற்று. இந்த நேரத்திலும் எனக்கு உள்ளே ஒன்று சுருக்கென்றது. என்ன ஜென்மமோ நான்.

மேனேஜர் கதவில் நின்று மூட்டை எங்கே என்று கத்தினார். “இறக்கிட்டு வந்துடறேன், சேர்ந்தே போகலாம், இரு” என்றேன்.

“இறக்குங்க. நான் அந்தப் பெஞ்சில இருக்கேன்” என்றாள். போய்க்கொண்டே, திரும்பாமல், “இருந்தா பாருங்க” என்றாள்.

மூட்டை மூட்டையாக இறக்கினோம். மாப்பிள்ளை என் பங்கு மூட்டைகளையும் சேர்த்து இழுத்துப் போட்டான். ஒவ்வொன்றை இறக்கும்போதும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டேன். பையை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தை ஒரு கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிர் நடைமேடையில் அவள் அக்கா ஊருக்குத் திரும்பிப் போகிற வண்டி ஒன்று நின்றது. அதற்கு அறிவிப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு சலவைத் தள்ளுவண்டி வந்து குறுக்கே நின்றது. ஆள் உயரத்துக்கு மேல் துணி ஏறியது. அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. கடைசி மூட்டையை நான் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கியபோது தள்ளுவண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது.

பெஞ்சில் பை மட்டும் இருந்தது. அதன் வார் ஒன்று நழுவித் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கையில் குழந்தையோடு ஒரு பெண் பெஞ்சின் அருகே நின்று, பையையும் மூட்டையோடு நின்ற என்னையும் பார்த்தாள்.

“இந்த இடத்துக்கு ஆள் வருதாங்க?” என்று கேட்டாள்.